பழைய பேட்டரிக் கடை இருந்த மனையில் வீடு: எந்த மண்ணை எடுப்பது, எதை மூடுவது

கேள்வி இது. சென்னைப் புறநகரில் ஒரு கிரவுண்டு மனை, 40-க்கு 60 அடி. வீடு கட்டப் போகிறார்கள், வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. அந்த மனையில் பல வருடம் பேட்டரிக் கடையும் டூவீலர் மெக்கானிக் ஷெட்டும் இருந்திருக்கின்றன. முன்பக்கத்தில் எடுத்த ஒரே ஒரு மண் மாதிரியில் காரீயம் கிலோவுக்கு 900 மில்லிகிராம். பின்மூலையில் கிளறினால் ஆயில் வாடை. "ஜேசிபி விட்டு மூணு அடி வழிச்சு எடுத்துட்டு செம்மண் கொட்டிடலாம்" என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

இப்போதைக்கு வேண்டாம். கணக்கைப் பார்த்தாலே ஏன் என்று தெரியும். 2400 சதுர அடியில் மூன்று அடி என்றால் 7200 கன அடி, அதாவது 72 யூனிட். எடையில் 320 டன்னுக்கு மேல். தோண்டிய மண் கால் பங்காவது உப்பும், ஆக லாரியில் ஏறுவது 90 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் 30 நடை. அந்த 30 நடையும் எங்கே போய்க் கொட்டும் என்று மேஸ்திரியைக் கேளுங்கள். "பள்ளமா ஒரு மனை இருக்கு, அங்க அடிச்சிடலாம்" என்பதுதான் வழக்கமான பதில். அப்படிச் செய்தால் உங்கள் வீட்டு விஷம் இன்னொரு குழந்தையின் வாசலுக்குப் போகிறது, அவ்வளவுதான். பெரும்பாலான இடங்களில் உண்மையில் எடுக்க வேண்டியது 4 யூனிட்டோ 6 யூனிட்டோதான். அது எந்த 4 யூனிட் என்று கண்டுபிடிப்பதில்தான் வேலையே இருக்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் மனையில் இருப்பது இரண்டு வேறு வேறு நோய். காரீயம் ஒரு தனிமம். அது மக்காது, ஆவியாகாது, பாக்டீரியா தின்னாது. இன்று இருக்கிற 900, நூறு வருடம் கழித்தும் 900-தான். அதை எடுக்கலாம், மூடலாம், கட்டிப்போடலாம்; அழிக்க முடியாது. டீசலும் ஆயிலும் அப்படியில்லை. காற்றும் ஈரமும் கொஞ்சம் யூரியாவும் கிடைத்தால் மண்ணில் ஏற்கெனவே இருக்கும் நுண்ணுயிர்களே அவற்றைத் தின்றுவிடும். இரண்டையும் ஒரே குவியலாக்கினால் சுலபமாகத் தீர வேண்டியதும் தீராது.

(ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நினைத்துக்கொண்டு "ஈயம்தானே" என்று சிலர் அலட்சியமாக இருப்பார்கள். சொம்பில் இருக்க வேண்டியது வெள்ளீயம், அது வேறு உலோகம். பேட்டரியில் இருப்பது காரீயம். அதனால்தான் இங்கே அந்தப் பெயரையே சொல்கிறேன்.)

900 என்பது எவ்வளவு மோசம்? இயற்கையான மண்ணில் பொதுவாக கிலோவுக்கு 10 முதல் 50 மில்லிகிராம் இருக்கும். ரிப்போர்ட்டில் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று இருந்தாலும் அதே எண்தான். வீட்டு மண்ணுக்கு அமெரிக்காவில் வெகுகாலம் 400-ஐ அளவுகோலாக வைத்திருந்தார்கள், 2024 ஜனவரியில் அதை 200 ஆகக் குறைத்தார்கள். 2025 அக்டோபரில் அந்த 200-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, உடனடியாக அகற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டிய அளவாக 600-ஐச் சொன்னார்கள். கலிஃபோர்னியா 80 என்கிறது, கனடா 140. இவற்றில் பல "இதைத் தாண்டினால் நின்று ஆராய்ந்து பார்" என்கிற எண்கள். தாண்டியதும் தோண்டித்தான் ஆக வேண்டும் என்று பொருளில்லை. ஆனால் 900 எந்தக் கணக்கிலும் மேலேதான் இருக்கிறது, அதுவும் தவழ்ந்து விளையாடுகிற குழந்தை இருக்கும் வீட்டில். காரீயம் தோல் வழியாக உள்ளே போவது சொற்பம். தரையைத் தொட்ட கை வாய்க்குப் போவதுதான் பாதை, அடுத்தது செருப்போடு வீட்டுக்குள் வரும் தூசு. பெரியவர் உடல் விழுங்கிய காரீயத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால், சின்னக் குழந்தையின் உடல் பாதி வரை எடுத்துக்கொள்ளும். இரும்புச்சத்து குறைந்த குழந்தை இன்னும் அதிகமாக. இனி நீங்கள் செய்கிற எந்த வேலையையும் ஒரே கேள்வியால் அளந்து பாருங்கள்: இந்த மண் குழந்தையின் கைக்கு எட்டுமா, எட்டாதா?

அடுத்தது மாதிரி எடுப்பது. ஒரே மாதிரியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மனையை 20-க்கு 20 அடியில் ஆறு கட்டங்களாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து இடங்களில் மேல் இரண்டு அங்குல மண்ணை எடுத்து, ஒரு பிளாஸ்டிக் வாளியில் கலந்து, அதிலிருந்து அரைக்கிலோவை ஜிப் கவரில் போட்டு கட்ட எண்ணை எழுதுங்கள். எவர்சில்வர் கரண்டி போதும். பெயின்ட் அடித்த மண்வெட்டி வேண்டாம். ஒரு கட்டம் முடிந்ததும் கரண்டியையும் வாளியையும் கழுவிவிட்டுத்தான் அடுத்த கட்டம். மேல் மண்ணில் எந்தக் கட்டம் 200-ஐத் தாண்டுகிறதோ, அங்கே மட்டும் திரும்பப் போய் 6, 12, 18, 24 அங்குலம் என்று ஆழவாரியாக எடுங்கள். பழைய வேலையாட்கள் யாராவது அக்கம்பக்கத்தில் இருந்தால் பேட்டரியை எங்கே உடைத்தார்கள், ஆசிட்டை எங்கே ஊற்றினார்கள் என்று விசாரியுங்கள். அந்த இரண்டு இடங்களுக்கும் தனி மாதிரி.

இதில் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. முதலாவது, வேளாண் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுப்பது. அங்கே தழை, மணி, சாம்பல் சத்தும் நுண்ணூட்டமும் பார்ப்பார்கள். நுண்ணூட்டத்துக்கு டிடிபிஏ கரைசலில் கரைந்து வருவதை மட்டும்தான் அளப்பார்கள். அது பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கு. காரீயத்தையும் அதே முறையில் அளந்தால் எண் ஏமாற்றும் அளவுக்குச் சின்னதாக வரும். உங்களுக்கு வேண்டியது ஆசிட்டில் செரித்து எடுத்த மொத்தக் காரீயம். என்ஏபிஎல் (ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் "மொத்தக் காரீயம், மி.கி./கிலோ" என்று எழுதிக் கேளுங்கள், கூடவே பிஎச்-சும், அதாவது மண்ணின் புளிப்பளவும், பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது தவறு துண்டுகள். பழைய பேட்டரித் தட்டின் சாம்பல் நிறத் துணுக்கு ஒரே ஒரு கிராம் ஒரு கிலோ மண்ணில் கிடந்தால் போதும், அதுவே 1000 காட்டும். கண்ணுக்குத் தெரியும் துணுக்குகளைக் கையுறை போட்டுப் பொறுக்கி, தனி டப்பாவில் மூடி வையுங்கள், எந்தக் கட்டத்தில் எத்தனை கிடந்தன என்றும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் 900 அப்படி வந்த எண்ணாகவும் இருக்கலாம், அல்லது உண்மையில் 3000 இருக்கிற இடத்தின் ஓரமாகவும் இருக்கலாம். மூன்றாவது, எக்ஸ்ஆர்எஃப் எனும், எக்ஸ் கதிரால் உலோகத்தை அளக்கும் துப்பாக்கிக் கருவியோடு வருபவர் ஈர மண்ணிலேயே அதை வைத்து எண் சொல்வது. ஈரம் இருந்தால் அளவு குறைத்துக் காட்டும். மண்ணை உலர்த்திச் சலித்து வைத்துப் பார்த்தால் அது நல்ல கருவி.

பிஎச் ஏன் கேட்கச் சொன்னேன் என்றால், சாதாரண மண்ணில் காரீயம் மேல் ஓர் அடியைத் தாண்டி இறங்குவது அபூர்வம். களிமண்ணும் மக்கிய இலைதழையும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் பேட்டரி ஆசிட் கொட்டிய இடத்தில் மண் புளித்துப் போயிருக்கும். பிஎச் 5-க்குக் கீழே போனால் காரீயம் கரைந்து ஆழத்துக்குப் போக ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட இடம் ஓர் அடியோடு முடியாது. மேலே 900 இருந்து கீழே 2000 இருக்கிற தலைகீழ் நிலைமையை இங்கேதான் பார்ப்பீர்கள்.

சரி, கையில் ஆறு கட்டங்களின் எண்கள் வந்துவிட்டன. என்னென்ன செய்யலாம்?

செலவு குறைவான வழி, நான் முதலில் யோசிக்கச் சொல்வதும் இதுதான்: வீட்டின் பிளானை மண்ணுக்கு ஏற்றபடி திருப்பிப் போடுவது. காரீயம் ஆவியாகி மேலே வராது. கான்கிரீட்டுக்குக் கீழே கிடக்கும் காரீயம் யார் கைக்கும் எட்டாது. முன்பக்கம்தான் மோசம் என்றால் கார் போர்ட்டிகோவும் படிக்கட்டும் அங்கே வரட்டும். குழந்தை விளையாடும் இடமும் செடிகளும் சுத்தமான கட்டத்துக்குப் போகட்டும். பிளான் அப்ரூவலுக்குப் போகும் முன்பே இதைச் செய்தால் காசு செலவில்லை. ஆனால் மூன்று விஷயங்களைக் கெட்ட மண் உள்ள இடத்தில் வைக்கவே கூடாது. ஒன்று மழைநீர் சேகரிப்புக் குழி. கூரைத் தண்ணீரையெல்லாம் கெட்ட மண் வழியாக நிலத்தடிக்கு இறக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இரண்டாவது செப்டிக் டேங்க். அதற்குத் தோண்டும்போது ஆழத்து மண் மேலே வந்து மனை முழுக்கப் பரவும். மூன்றாவது, ஆயில் வாடை அடிக்கிற மூலையில் தண்ணீர் சம்ப்பும் குடிநீர்ப் பைப்பும். பெட்ரோல், டீசலில் உள்ள பென்சீன் வகைகள் பாலிஎதிலீன் பைப்பின் சுவரை ஊடுருவித் தண்ணீருக்குள் வந்துவிடும்.

கட்டடம் வராத திறந்த இடத்தை மூடுவதானால், மேலே நாலு அங்குலம் செம்மண் தூவிப் புல் நடுவதை மூடுவதென்று சொல்ல மாட்டேன். இரண்டு மழையிலும் ஒரு நாய் பறிப்பதிலும் அது போய்விடும். மண்ணைச் சமன்செய்து நனைத்து, ஜியோ டெக்ஸ்டைல் துணியை (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கைத் துணி) ஓரத்துக்கு ஓரம் ஓர் அடி மேலேறும்படி விரித்து, அதன் மேல் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு வலை ஒன்றைப் போடுங்கள். பிறகு ஓர் அடி நல்ல மண். காய்கறி போடும் இடமென்றால் இரண்டடி. அமெரிக்காவில் காரீயம் பட்ட வீட்டுத் தோட்டங்களுக்கு வைத்திருக்கும் அளவும் இதுவே. ஆரஞ்சு வலை எதற்கென்றால், பத்து வருடம் கழித்து பைப் பதிக்க வருகிற ஆள் அதைப் பார்த்ததும் நிற்பார். பேவர் பிளாக் போடுவதானாலும் எம் சாண்ட் படுகைக்குக் கீழே அந்தத் துணி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எறும்பே மண்ணை இடுக்கு வழியாக மேலே கொண்டுவந்து போட்டுவிடும்.

இதில் ஓர் இடைஞ்சல்: ஓர் அடி ஏற்றினால் தரைமட்டம் உயரும், தண்ணீர் பக்கத்து மனைக்கு ஓடும். அதனால் பல இடங்களில் ஓர் அடி எடுத்து ஓர் அடி நிரப்புவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஒரு கட்டம், 400 சதுர அடி, ஓர் அடி ஆழம்: 4 யூனிட், சுமார் 18 டன். மேஸ்திரி சொன்ன 320 டன்னோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எடுப்பதென்று முடிவானால், தோண்டுவதற்கு முன்பே ஆய்வகத்தில் டிசிஎல்பி என்ற சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். மண்ணை லேசான அமிலக் கரைசலில் 20 மடங்கு எடைக்குக் கலக்கி, அதில் கரைந்து வரும் காரீயத்தைப் பார்ப்பார்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் அது அபாயகரக் கழிவு. 900 உள்ள மண் முழுக்கக் கரைந்தால் 45 வரை வரலாம். நடைமுறையில் அதைவிட மிகக் குறைவாகத்தான் வரும், ஆனால் ஆசிட் பட்ட மண்ணில் அப்படி நம்பிவிட முடியாது. தாண்டினால் உரிமம் பெற்ற வண்டியில், கழிவு எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் மேனிஃபெஸ்ட் சீட்டோடு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருப்பது போன்ற அபாயகரக் கழிவு நிலத்துக்குத்தான் போக வேண்டும். தாண்டவில்லை என்றாலும் அதை "சவுடு" என்று விற்க முடியாது. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் ரிப்போர்ட்டைக் கொடுத்து, எங்கே கொட்டுவது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தோண்டும் நாள் ஜனவரிக்குப் பிறகு இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழி குளமாகி, கெட்ட மண் கரைந்து தெருவுக்கு ஓடும். அதற்காகப் புழுதி பறக்கவும் விடக் கூடாது. முந்தின நாள் மாலையே பூவாளியில் தெளிப்பது போல நனைத்து வையுங்கள், சேறாகாத அளவுக்கு. ஆறு ஆறு அங்குலமாக வழித்து எடுக்கச் சொல்லுங்கள். வேலையாட்களுக்குத் துண்டு போதாது, என்95 முகமூடி வேண்டும். சாப்பிடும் முன், பீடியைக் கையில் எடுக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அந்த உடையோடு வீட்டுக்குப் போனால் அவர்கள் வீட்டுக் குழந்தைக்குக் காரீயம் போகும். லாரிக்குத் தார்ப்பாய், டயருக்குத் தண்ணீர் அடித்தபின்தான் தெருவில் இறங்க வேண்டும். காம்பவுண்டு சுவருக்கு இரண்டு, மூன்று அடி அஸ்திவாரம்தான் இருக்கும். அதை ஒட்டி நீளமாகத் தோண்டினால் சுவர் சாயும். ஐந்தடி அகலத் துண்டாகத் தோண்டி, நிரப்பிக் கெட்டித்துவிட்டு, அடுத்த துண்டுக்குப் போங்கள்.

எல்லாரும் கோட்டை விடுவது இதற்கடுத்த கட்டத்தில். தோண்டி முடித்ததும் டிப்பர் காத்திருக்கிறது என்று அன்றைக்கே நிரப்பிவிடுவார்கள். குழியின் அடியிலும் நான்கு பக்கச் சுவரிலும் தனித்தனி மாதிரி எடுத்து, முடிவு வரும் வரை குழி திறந்தே இருக்க வேண்டும், மேலே தார்ப்பாய் போட்டு. ஜேசிபி வாடகையை ஒரு நாளுக்குள் முடிக்கப் பார்த்து, மீதி இருக்கிற விஷத்தின் மேல் நல்ல மண்ணைப் போட்டவர்கள் பின்னால் இரண்டையும் சேர்த்துத் தோண்ட வேண்டிவரும். நிரப்ப வரும் செம்மண்ணிலும் ஒரு மாதிரி எடுத்துச் சோதித்துவிடுங்கள். தொழிற்பேட்டை ஓரத்து ஏரியின் வண்டலும், இடித்த கட்டடக் கழிவு கலந்த மண்ணும் வேண்டாம். பழைய பெயின்ட்டில் காரீயம் இருக்கும். ஆறு அங்குலத்துக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுத் திமிசு போடச் சொல்லுங்கள். அதனால்தான் 4 யூனிட் குழிக்கு 5 யூனிட் ஆர்டர் செய்ய வேண்டியிருக்கிறது.

மண்ணுக்குள்ளேயே கட்டிப்போடும் வழியும் இருக்கிறது. பாஸ்பேட் சேர்த்தால் காரீயம் பைரோமார்பைட் என்ற கரையாத கனிமமாக மாறும். கலிஃபோர்னியாவின் மேற்கு ஓக்லாந்தில் ஒரு குடியிருப்புப் பகுதியில் அரைத்த மீன் முள்ளை மண்ணில் கலந்து இப்படிச் செய்தார்கள். ஆனால் ஆய்வகத்தில் மொத்தக் காரீயம் அதே 900-தான் காட்டும், உடம்பில் ஏறும் பங்கு மட்டும்தான் குறையும். மண்ணில் ஆர்சனிக்கும் இருந்தால் பாஸ்பேட் அதைக் கிளப்பிவிட்டுவிடும், ஆகவே அதையும் பார்க்காமல் போடாதீர்கள். தனி மருந்தாக இதை நம்ப மாட்டேன். மூடுவதற்கு முன் கீழே கொடுக்கும் கூடுதல் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளலாம். புளித்த மண்ணுக்கு விவசாயச் சுண்ணாம்பை, அதாவது அரைத்த சுண்ணாம்புக் கல்லை, ஆய்வகம் சொல்லும் அளவில் கலந்து பிஎச்-சை 7-க்குக் கொண்டுவாருங்கள். சுட்ட சுண்ணாம்பு கைக்குக் கிடைக்கிறதே என்று அள்ளிப் போடக் கூடாது. பிஎச் 12-க்கு ஏறினால் காரீயம் மறுபடியும் கரையத் தொடங்கும்.

சூரியகாந்தி, கடுகு, வெட்டிவேர் நட்டால் விஷத்தை உறிஞ்சிவிடும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டரை மட்டும் கணக்குப் போடுவோம். 15 செ.மீ. ஆழத்தில் சுமார் 225 கிலோ மண் இருக்கிறது. 900-ஐ 200-க்குக் கொண்டுவர எடுக்க வேண்டிய காரீயம் 157 கிராம். அந்த இடத்தில் ஒரு போகத்துக்கு ஒரு கிலோ உலர்ந்த கடுகுச் செடி வருகிறது, அதில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் காரீயம் ஏறுகிறது என்று தாராளமாகவே வைத்தாலும், ஒரு போகத்துக்கு வெளியே வருவது 0.1 கிராம். ஆயிரத்து ஐந்நூறு போகத்துக்கு மேல் வேண்டும். செடி அதிகம் உறிஞ்ச இடிடிஏ என்ற, உலோகத்தைக் கரைக்கும் ரசாயனத்தை ஊற்றினால் கரைந்த காரீயம் செடிக்குப் போவதைவிடக் கிணற்றுக்குப் போவதே அதிகம். புழுதி எழாமல் மண்ணை மூடி வைக்க வெட்டிவேர் நல்லது, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி பின்மூலை. இங்கே மாதிரியைக் கண்ணாடி ஜாடியில் விளிம்பு வரை அமுக்கி நிரப்பி, ஐஸ் பெட்டியில் எடுத்துப் போக வேண்டும். பிளாஸ்டிக் கவரில் கொண்டுபோனால் ஆவியாகக்கூடியது வழியிலேயே போய்விடும். மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், பென்சீன் வகைகள், கூடவே காரீயம் இவற்றைக் கேளுங்கள். காரீயம் குறைவு, டீசல்தான் பிரச்சினை என்றால் இதை மனையிலேயே சரிசெய்யலாம். 10-க்கு 10 அடி, ஒன்றரை அடி ஆழம் என்று வைத்தால் ஒன்றரை யூனிட், சுமார் 6.8 டன். கெட்டியான தார்ப்பாய் மேல், சுற்றி ஆறு அங்குல வரப்புக் கட்டி, மூன்றடி உயரத்துக்கு மேல் போகாமல் குவியுங்கள். கிலோவுக்கு 5000 மில்லிகிராம் ஆயில் என்றால் குவியலில் இருப்பது 34 கிலோ ஆயில். நூறு பங்கு கார்பனுக்குப் பத்துப் பங்கு நைட்ரஜன், ஒரு பங்கு பாஸ்பரஸ் என்ற கணக்கில் யூரியா 6 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 4 கிலோ தேவை. யூரியாவை ஒரே நாளில் கொட்டினால் உப்பேறி நுண்ணுயிர் படுத்துவிடும். இரண்டு இரண்டு கிலோவாக மூன்று தவணையில் போடுங்கள். காற்று புக, கழுவிய தென்னை நார்க்கழிவைப் பத்தில் ஒரு பங்கு கலக்கலாம். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது; அதுதான் ஈரப் பதம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள், மழைக்கு மூடுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சோதியுங்கள். நம் வெயிலில் டீசல் சில மாதங்களில் நன்றாக இறங்கும். விலை போட்டு விற்கும் பாக்டீரியா பொடி பெரும்பாலும் தேவைப்படாது. பழைய மெக்கானிக் ஷெட்டு மண்ணில் அதைத் தின்னப் பழகிய கூட்டம் ஏற்கெனவே இருக்கும், அதற்குக் காற்றும் நைட்ரஜனும்தான் பற்றாக்குறை. வாடை போக மண்ணில் சோப்புத்தூள் தண்ணீர் ஊற்றுவதும், கொளுத்துவதும் வேண்டாம். முன்னது ஆயிலைக் கீழே தள்ளும், பின்னது மேலே புகையாக அனுப்பும்.

வடித்துக் கொட்டிய கறுப்பு இன்ஜின் ஆயில் என்றால் கதை வேறு. அது மெதுவாகத்தான் மக்கும், உலோகமும் அதில் கலந்திருக்கும். 2000-க்கு முன்பு நம் பெட்ரோலிலேயே காரீயம் இருந்தது. காரீயமும் ஆயிலும் சேர்ந்து காட்டுகிற மண்ணைப் புரட்டிக்கொண்டிருக்காமல் வெளியேற்றுவதே மேல்.

பணம் யார் தருவது என்பதையும் இப்போதே பாருங்கள். சாதாரண கவனத்தோடு பார்த்தால் தெரியாத, தனக்குத் தெரிந்த குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. பேட்டரிக் கடை இருந்தது உங்களுக்கே தெரியும் என்றால் அந்த வாதம் பலவீனமாகும், வக்கீலிடம் கேளுங்கள். மாசடைந்த இடங்களைக் கண்டறிந்து சுத்தம் செய்ய 2025 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகளே கொண்டுவந்திருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு, சீரமைப்பு கேட்க ஐந்து வருடம் வரை வரம்பு உண்டு. எதற்குப் போனாலும் தோண்டுவதற்கு முன் எடுத்த ரிப்போர்ட்டும் தேதியோடு எடுத்த போட்டோவும்தான் ஆதாரம். மேஸ்திரி சொன்னபடி வழித்துவிட்டால் அதுவும் லாரியிலேயே போய்விடும்.

மனையில் போர்வெல் ஏற்கெனவே இருந்தால் அந்தத் தண்ணீரில் காரீயம், பிஎச், ஆயில் மூன்றையும் பாருங்கள். முடிவு வரும் வரை குடிக்க, சமைக்க வேண்டாம். காய்ச்சினால் காரீயம் போகாது, தண்ணீர் சுண்டுவதால் செறிவு கூடவே செய்யும். குழந்தை இதற்குள் அந்த மண்ணில் விளையாடியிருந்தால் டாக்டரிடம் விவரத்தைச் சொல்லி ரத்தத்தில் காரீய அளவு பார்க்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்து அதிகமாக வந்தால், தோலில் இருந்த தூசாலும் அப்படி வந்திருக்கலாம். நரம்பில் எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.